நாலு மில்லிமீட்டர்

தாடைக்குக் கீழே நெறி கட்டியிருந்தது. இரண்டு வாரமாகியும் வடியவில்லை என்பதால் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ஸ்கேன் எடுத்த பெண் கழுத்தில் ஜெல் தடவியதிலிருந்து ஏதேதோ பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். கருவியை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையில் ஒரு சிறு கூட்டல் குறி வைத்தார். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே புள்ளிக்கோடு ஓடியது. "என்னம்மா?" என்றேன். "ரிப்போர்ட்ல வரும் சார்" என்றார். ஸ்கேன் அறையில் கேட்கக்கூடிய வாக்கியங்களில் இதைவிடப் பயங்கரமானது எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நெறி ஒன்றுமில்லை, தானாகவே வடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் வந்தது வேறு: தைராய்டின் வலது மடலில் 4 மி.மீ. அளவில் ஒரு நாட்யூல், அதாவது ஒரு சின்னக் கட்டி. டாக்டர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "இது உங்களுக்குத் தெரியாமலே இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். என் வயதுக்காரர்களின் கழுத்தை ஸ்கேன் செய்தால் பாதிப் பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று தென்படுமாம். ஊசி குத்தி எடுத்துப் பார்க்கும் அளவுக்கு இது பெரிசில்லை. வேண்டுமானால் ஒரு வருஷம் கழித்து இன்னொரு தடவை பார்க்கலாம், பார்க்காவிட்டாலும் தப்பில்லை. அப்புறம், பேனாவைத் திறந்தபடியே வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "வீட்ல யாருக்காவது தைராய்டு கேன்சர் இருந்திருக்கா? சின்ன வயசுல கழுத்துப் பக்கம் கதிர்வீச்சு ஏதாவது பட்டிருக்கா?" இரண்டுக்கும் இல்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

முதல் கேள்வி புரிந்தது. இரண்டாவதுதான் வீடு வரைக்கும் கூடவே வந்தது. கதிர்வீச்சு என்றால் எல்லா வயதிலும் கெடுதல்தானே, 'சின்ன வயசுல' என்று ஏன் குறிப்பாகக் கேட்க வேண்டும்? கழுத்தை மட்டும் ஏன்? தேடிப் படித்ததில் தெரிந்தது, அந்தக் கேள்விக்கு இரண்டு பூர்வீகம். ஒன்று, போன நூற்றாண்டின் நடுப்பகுதி வரை டான்சில் வீக்கத்துக்கும் தலைப் படைக்கும்கூடக் குழந்தைகளுக்கு எக்ஸ்ரே கொடுத்துக்கொண்டிருந்த மருத்துவம். இன்னொன்று, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் செர்னோபில். எங்கோ ஒரு அணு உலை வெடித்துக் கிட்டத்தட்ட நாற்பது வருஷமாகிறது. அதன் வடு என் மருத்துவக் குறிப்பில் ஒரு கேள்வியாக உட்கார்ந்திருக்கிறது.

இங்கே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலைகள் வெடித்தபோது எனக்கும் அந்தக் குறுஞ்செய்தி வந்தது. மழை பெய்தால் வெளியே போகாதே, கழுத்தில் தைராய்டு இருக்கும் இடத்தில் அயோடின் கலந்த புண்மருந்தைத் தடவிக்கொள் என்று, ஒரு பெரிய செய்தி நிறுவனத்தின் பேரைப் போட்டு ஆசியா முழுக்கச் சுற்றிய புரளி. நான் அதை முப்பது பேருக்காவது அனுப்பியிருப்பேன். தோலில் தடவும் அயோடினால் தைராய்டுக்குப் போதுமான காப்பு கிடைக்காது, அதைக் குடித்தால் ஆபத்து, இதையெல்லாம் உலகச் சுகாதார நிறுவனம் அந்த நாட்களிலேயே சொல்லித்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. பயமாக இருந்தது, அனுப்பினேன். அதற்குப் பிறகு பல வருஷம், அணு விபத்து என்று பேச்சு வந்தாலே லட்சக்கணக்கில் செத்தார்கள் என்று வாதாடும் கட்சியில் இருந்தேன். அந்தக் கருத்தை இந்த நாலு மில்லிமீட்டர்தான் கிளறிவிட்டது.

எட்டு நாள்

உலை உடைந்தால் வெளியே வருவது ஒரே பொருள் இல்லை, பல பொருட்களின் கலவை. ஆனால் மக்கள் உடம்பைப் பொறுத்தவரை இரண்டைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்: அயோடின்-131, சீசியம்-137. சீசியத்தின் அரை ஆயுள் 30 வருஷம். அயோடினுடையது எட்டே நாள். எட்டு நாளில் பாதி, பதினாறில் கால், எண்பது நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எண்களை மட்டும் பார்த்தால் முப்பது வருஷக்காரன்தான் வில்லன் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் செர்னோபிலைச் சுற்றியிருந்த மக்களிடம், சந்தேகத்துக்கு இடமில்லாமல், கண்ணால் எண்ணிப் பார்க்கும் அளவுக்குப் புற்றுநோயைக் கொண்டுவந்தது எட்டு நாள்காரன்தான்.

காரணம் தைராய்டின் பசி. உடம்புக்குள் வரும் அயோடினை இழுத்துச் சேர்த்துவைப்பதுதான் அந்தச் சுரப்பியின் வேலை. வந்தது கதிரியக்க அயோடினா சாதா அயோடினா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. காற்றில் போன அயோடின் புல்லில் படிந்தது. மாடு ஒரு நாளில் எவ்வளவு பரப்புப் புல்லை மேய்ந்து தீர்க்கும் என்று யோசித்துப் பாருங்கள். அத்தனை பரப்பில் படிந்ததையும் கூட்டிப் பெருக்கிச் சில லிட்டர் பாலில் இறக்கிவிடுகிறது. அந்தப் பாலை அதிகம் குடிப்பது குழந்தை. பெரியவர்களுக்குத் தைராய்டு ஏறக்குறைய 20 கிராம் இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு 2 கிராம் இருந்தால் அதிகம். அதே அளவு அயோடின் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள சதைக்குள் போய் உட்கார்ந்தால் அங்கே விழும் அடி பத்து மடங்கு. அது போதாதென்று பெலாரஸ், உக்ரைன் பகுதிகளில் பல இடங்களில் மண்ணிலேயே அயோடின் குறைவு. ஏற்கெனவே பசித்திருந்த சுரப்பிகள். டாக்டரின் கேள்வியில் 'சின்ன வயசுல' என்ற சொல் வந்தது இதனால்தான்.

இதில் என்னால் விழுங்க முடியாத விஷயம், இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை என்பது. 1957 அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேலில் ஒரு உலை தீப்பிடித்தது. மின் உலைகூட இல்லை, குண்டுக்குப் புளூட்டோனியம் தயாரித்த உலை. சில நாட்களுக்குள் சுற்றுவட்டாரத்தில் 500 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பாலுக்குத் தடை போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் கறந்த பாலையெல்லாம் கீழே கொட்டினார்கள். அன்றைய அரசு அந்த விபத்தின் விவரங்களை நாட்டுக்குச் சொல்லாமல் எவ்வளவோ மறைத்தது என்பது தனிக்கதை. ஆனால் பாலைக் கொட்டியது. பாலைக் கொட்ட வேண்டும் என்ற பாடம் அன்றைக்கே படித்து முடித்த பாடம்.

29 வருஷம் கழித்து, 1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23 மணிக்குச் செர்னோபிலின் நாலாவது உலை வெடித்தது. உலைக்குப் பக்கத்திலிருந்த பிரிப்யாத் நகரம் மறுநாள் பிற்பகல்தான் காலிசெய்யப்பட்டது. அதற்கிடையே ஒரு முழுச் சனிக்கிழமை, பிள்ளைகள் வெளியே விளையாடிய சனிக்கிழமை. 28-ஆம் தேதி காலை சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஒரு தொழிலாளியின் ஷூவில் கதிரியக்கம் பட்டு எச்சரிக்கை மணி அடித்த பிறகு, அன்று இரவுதான் சோவியத் ஒன்றியம் விபத்து நடந்ததை ஒப்புக்கொண்டது. மே 1-ஆம் தேதி கீவ் நகரில் ஊர்வலம் வழக்கம்போல நடந்தது. பிரிப்யாத்வாசிகளுக்காவது அயோடின் மாத்திரை ஓரளவு கிடைத்தது, பேருந்தும் வந்தது. பாதிப்பு பெரிதாக விழுந்தது கிராமங்களில். சொந்தமாக ஒரு மாடு வைத்துக் கறந்து குடித்த வீடுகளில். பால் வெள்ளையாகத்தான் இருந்தது, எப்போதும்போல இனித்தது. யாரும் குடிக்காதே என்று சொல்லவில்லை.

பக்கத்து நாடான போலந்தில் 28-ஆம் தேதி காலையே கருவிகள் துள்ளின. மாஸ்கோ சொல்லட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 29-ஆம் தேதி தொடங்கி, சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அயோடின் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார்கள். சுரப்பியை முன்கூட்டியே நல்ல அயோடினால் நிரப்பிவிட்டால் கெட்ட அயோடினுக்கு இடமிருக்காது, அவ்வளவுதான் சூத்திரம். மேய்ச்சல் மாட்டின் பாலை நிறுத்திச் சின்னப் பிள்ளைகளுக்குப் பால்பவுடர் கொடுத்தார்கள். இந்த மருந்துக்கு நேரம்தான் முக்கியம். கதிரியக்கம் வந்து சேருவதற்குச் சற்று முன்போ, வந்த சில மணி நேரத்துக்குள்ளோ கொடுத்தால் பலன். ஒரு நாள் தாண்டிவிட்டால் நல்லதைவிடக் கெடுதல் அதிகம். சீசியத்துக்கு அது எதுவும் செய்யாது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு 2011-ல் கழுத்தில் தடவிக்கொண்டவர்களுக்கும் எதுவும் செய்திருக்காது.

கிராமத்துக் குழந்தைகளின் கழுத்தில் கட்டிகள் வரத் தொடங்கியது நாலு வருஷத்தில். அவ்வளவு சீக்கிரம் வராது, குறைந்தது பத்து வருஷமாகும் என்பது அப்போதைய பாடம். 1991-ல் வந்த ஒரு பெரிய சர்வதேச ஆய்வறிக்கை, பின்னால் தைராய்டுப் புற்று கூடலாம் என்று ஓரமாகச் சொல்லிவிட்டு, கதிர்வீச்சால் நேரடியாக வந்ததென்று சொல்லக்கூடிய நோய் எதுவும் தென்படவில்லை என்று முடித்தது. 1992 செப்டம்பரில் பெலாரஸ் மருத்துவர்கள் 'நேச்சர்' இதழுக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார்கள். 1986 முதல் 1989 வரை குழந்தைகளில் வருஷத்துக்குச் சராசரியாக நாலு தைராய்டுப் புற்று. 1991-ல் மட்டும் 55. மேற்கத்திய நிபுணர்களில் பலர் முதலில் நம்பவில்லை. தேடித்தேடிப் பார்க்கிறீர்கள், அதனால் கிடைக்கிறது என்றார்கள். இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அன்றைக்கு அது தப்பு. அறுவைசிகிச்சைத் தழும்பு கழுத்தில் கோடாக விழுந்த பிள்ளைகள் அத்தனை பேர் இருந்தார்கள். 'செர்னோபில் நெக்லஸ்' என்று அந்தத் தழும்புக்குப் பேரே வந்துவிட்டது.

அணுக்கதிர் விளைவுகளை ஆராயும் ஐ.நா. அறிவியல் குழுவின் கணக்குப்படி, விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்தவர்களில் 1991 முதல் 2015 வரை பதிவான தைராய்டுப் புற்று ஏறக்குறைய 20,000. அதில் கால்வாசி கதிர்வீச்சால் வந்தது என்கிறார்கள். மிச்சம் வயது ஏறுவதால் வருவது, தேடுவதால் தெரிவது. 2005 வரை இதில் இறந்தவர்கள் 15 பேர். நல்லவேளையாக, ஒழுங்காகக் கவனித்தால் பெரும்பாலும் பிழைக்கவைக்கும் புற்று இது. 'பதினைந்துதானா' என்று இதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு வயதில் கழுத்தைத் திறந்து சுரப்பியை எடுத்துவிட்டால், வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு நாள் காலையிலும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. ஒரு மாதம் பாலை நிறுத்தியிருந்தால் இதில் மிகப் பெரும்பகுதி நடந்தே இருக்காது.

எத்தனை பேர் செத்தார்கள்?

சரி, என் பழைய கட்சிக்கு வருகிறேன். வாதங்களில் நான் தூக்கிக் காட்டிய எண் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு 2006-ல் சொன்ன 93,000. எதிராளிகள் தூக்கிக் காட்டியது ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2005-ல் சொன்ன 4,000. நடுவில், 2065 வரை ஐரோப்பா முழுக்க 16,000 என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு ஒன்று. ஒரே விபத்துக்கு இத்தனை எண்களா, யாரோ பொய் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. யாரும் பிணங்களை எண்ணவில்லை, எண்ணவும் முடியாது. கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியானவர்கள் 134 பேர், எல்லாரும் உலையில் வேலை செய்தவர்களும் தீயணைப்பு வீரர்களும். அவர்களில் 28 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள். இது எண்ணிய எண். மற்றவை பெருக்கல் கணக்கு. ஆயிரம் மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்கினால் புற்றால் சாகும் வாய்ப்பு ஏறக்குறைய 5 சதவீதம் கூடும் என்பது ஜப்பானில் அணுகுண்டுக்குத் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் கவனித்துக் கண்ட விகிதத்திலிருந்து வந்தது. அதே விகிதம் அடிமட்டம் வரைக்கும் நேர்கோடாக இறங்கும் என்று வைத்துக்கொண்டு, துளித்துளியாக வாங்கிய கோடிக்கணக்கான ஆட்களால் பெருக்குகிறார்கள். எத்தனை பேரைக் கணக்கில் சேர்க்கிறோமோ அதற்கேற்ப விடை ஊதும். 4,000 என்ற மதிப்பீடு அதிகம் பாதிக்கப்பட்ட 6 லட்சம் பேரைப் பற்றியது. அந்த 6 லட்சத்தில் விபத்தே நடக்காவிட்டாலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் புற்றால் இறப்பார்கள். கூடுதலான 4,000 பேர் யார் என்று எந்தக் கல்லறையிலும் எழுதியிருக்காது.

சராசரிகளும் ஏமாற்றும். மாசுபட்ட பகுதிகளில் தொடர்ந்து வாழ்ந்த 60 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் 20 வருஷத்தில் வாங்கியது சராசரியாக 9 மில்லிசீவர்ட். சிறுநீரகக் கல்லுக்காக ஒருமுறை எனக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள்; அந்தப் பத்து நிமிடத்தில் நான் வாங்கியதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இதைப் படித்த அன்று என் கட்சியே கலைந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துத்தான் அதே அறிக்கையில் அடுத்த பத்தியைப் படித்தேன். அந்த 9 மில்லிசீவர்ட் கணக்கில் தைராய்டு சேர்த்தி இல்லை. ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர்களின் உடம்பு வாங்கியது சராசரியாக 30 மில்லிசீவர்ட் என்றால், அவர்களின் தைராய்டு வாங்கியது சராசரியாக 500 மில்லிகிரே (ஒரு உறுப்புக்குள் இறங்கிய கதிர்வீச்சை அளக்கும் அலகு). குழந்தைகளில் சிலர் அதைப்போலப் பத்து மடங்கு. சராசரி ஆழம் முழங்கால் அளவு என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதைதான். உடம்பு முழுக்கப் பார்த்தால் ஒரு ஸ்கேன். கழுத்தில் மட்டும் பார்த்தால் ஒரு பேரழிவு. அப்போதுதான் எனக்கு 'எத்தனை பேர்' என்ற கேள்வியே அலுத்துப்போனது. எந்த நாள், எந்த வயது, எந்த உறுப்பு, என்ன குடித்தார்கள் என்று கேட்டால் விடை தெளிவாக வருகிறது.

ஏ2

இப்போது ஃபுகுஷிமா. 2011 அக்டோபரில், விபத்தின்போது 18 வயது வரை இருந்த அந்த மாகாணப் பிள்ளைகள் எல்லாருக்கும் கழுத்து ஸ்கேன் என்று ஆரம்பித்தார்கள். முதல் சுற்றில் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பிள்ளைகள். நல்ல எண்ணத்தில்தான். செர்னோபிலில் நடந்தது திரும்ப நடந்தால் ஆரம்பத்திலேயே பிடித்துவிட வேண்டும். முடிவுகளைத் தரம் பிரித்து வீட்டுக்குத் தபாலில் அனுப்பினார்கள். ஒன்றுமே இல்லையென்றால் ஏ1. 5 மி.மீ.க்குட்பட்ட நாட்யூலோ 20 மி.மீ.க்குட்பட்ட நீர்க்கட்டியோ இருந்தால் ஏ2. அதற்கு மேல் என்றால் பி, உடனே மேல்பரிசோதனை என்றால் சி.

இதைப் படித்துக்கொண்டிருந்தவன் எழுந்துபோய் என் ரிப்போர்ட்டை எடுத்துவந்தேன். 4 மி.மீ. நான் ஏ2.

முதல் சுற்றில் ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு ஏ2 என்று கடிதம் போனது. ஒரு நிமிடம் அந்த வீடுகளை நினைத்துப் பாருங்கள். உலை வெடித்த மாகாணம். குழந்தையை வெளியே விளையாட விடலாமா, குழாய்த் தண்ணீர் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு நாளும் பயந்து கழித்த தாய். உறை வருகிறது, உள்ளே உங்கள் பிள்ளைக்கு ஏ2. கவலைப்பட வேண்டாம், இரண்டு வருஷம் கழித்து மறுபடி பார்க்கலாம். ஐம்பதைத் தாண்டிய எனக்கு, ஒரு உலைக்கும் சம்பந்தமில்லாத எனக்கு, நல்ல டாக்டர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பத்து நிமிடம் விளக்கிய பிறகும் அந்த நாலு மில்லிமீட்டர் ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்தது. ராத்திரி எச்சில் விழுங்கும்போதெல்லாம் ஏதோ தடுப்பதுபோல இருக்கும். கண்ணாடி முன்னால் நின்று தலையை அண்ணாந்து விழுங்கிப் பார்ப்பேன். "ஏங்க, ஒன்னுமில்லன்னு அவரே சொல்லிட்டாருல்ல" என்று வீட்டில் சொன்னால், "வேண்டாம்னா எதுக்கு அடுத்த வருஷம் பார்க்கலாம்னு சொன்னாரு" என்று எரிந்து விழுவேன். அவளிடம் பதில் இல்லை. அந்தத் தாய்மார்களிடமும் இருந்திருக்காது.

பிறகு ஜப்பானிலேயே உலைக்குச் சம்பந்தமில்லாத அவோமோரி, யமனாஷி, நாகசாகி ஆகிய மூன்று இடங்களில் நாலாயிரத்துச் சொச்சம் பிள்ளைகளுக்கு அதே வகைக் கருவியால் அதே ஸ்கேனை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே ஏ2 எண்ணிக்கை 56 சதவீதத்துக்கும் மேல், ஃபுகுஷிமாவைவிட அதிகம். அதாவது ஏ2 என்பது பெரும்பாலும் நோய் இல்லை, கழுத்து என்ற ஒன்று இருப்பதன் அடையாளம். இதுவரை எப்போதும் இருந்தது, இதுவரை யாரும் பார்த்ததில்லை. தென்கொரியாவில் இதே கதை உலை விபத்தே இல்லாமல் நடந்தது. உடல்பரிசோதனையோடு கழுத்து ஸ்கேனும் சேர்த்துச் செய்ய ஆரம்பித்த பிறகு 2011-ல் தைராய்டுப் புற்றுக் கண்டுபிடிப்பு 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. இறப்பு எண்ணிக்கை அசையவில்லை. 2014-ல் அங்கே மருத்துவர்கள் சிலர், தேவையில்லாமல் தேடாதீர்கள் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகு அறுவைசிகிச்சைகள் ஒரே வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன.

ஃபுகுஷிமாவில் இதுவரை 300க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தைராய்டுப் புற்று உறுதியாகவோ சந்தேகமாகவோ சொல்லப்பட்டிருக்கிறது. தேடித்தேடிப் பார்த்ததால் கிடைத்தது என்கிறது ஐ.நா. குழு. பெலாரஸ் மருத்துவர்களிடம் சொன்ன அதே வாக்கியம். அன்று தப்பாகப் போன வாக்கியத்தை இன்று ஏன் நம்ப வேண்டும் என்று எனக்கும் சுருக்கென்றது. ஆனால் வித்தியாசம் இருக்கிறது. செர்னோபிலில் அதிகம் அடிபட்டது விபத்தின்போது ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். ஃபுகுஷிமாவில் முதல் ஆண்டுகளில் கண்டவை பெரும்பாலும் பதின்வயதினருக்கு, அதாவது சும்மா தேடினாலும் கிடைக்கக்கூடிய வயதில். அங்கே விபத்து நடந்த பத்து நாளில் பாலுக்குத் தடை வந்துவிட்டது. டோக்கியோ குழாய்த் தண்ணீரில் கதிரியக்க அயோடின் கைக்குழந்தைகளுக்கான வரம்பான லிட்டருக்கு 100 பெக்கரலைத் தாண்டி 210 என்று வந்ததுமே சொல்லி, பாட்டில் தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளைகளின் தைராய்டுக்குப் போனது செர்னோபிலில் போனதில் சிறு பங்குதான். ஆனாலும் 2022 ஜனவரியில், விபத்தின்போது குழந்தைகளாக இருந்து பிறகு இந்தப் புற்று வந்த ஆறு பேர் உலையை நடத்திய மின் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார்கள். ஒவ்வொருவருடைய கழுத்திலும் நிஜக் கத்தி பட்டிருக்கிறது. இது புள்ளிவிவரத்தால் வந்த கட்டி என்று அவர்களிடம் போய்ச் சொல்ல என்னால் ஆகாது. 2018-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அமைத்த நிபுணர் குழு, இனி அணு விபத்து நடந்தால் ஊர் முழுக்கக் கழுத்து ஸ்கேன் வேண்டாம், அதிகம் வாங்கிய பிள்ளைகளை மட்டும், விஷயத்தைச் சொல்லி, விருப்பம் கேட்டுக் கவனியுங்கள் என்று பரிந்துரைத்தது.

பயம்தான் நோயா

இந்த இடத்தில் சிலர் குஷியாகிவிடுகிறார்கள். பார்த்தீர்களா, கதிர்வீச்சு யாரையும் கொல்லவில்லை, பயம்தான் கொன்றது! அவர்கள் கையில் ஆதாரமும் இருக்கிறது. ஃபுகுஷிமா மாகாணத்தில் சுனாமியில் நேரடியாக இறந்தவர்கள் ஏறக்குறைய 1,600. வெளியேற்றத்தின் அலைச்சல், மருத்துவம் தடைப்பட்டது, மனமுடைவு என்று பிறகு இறந்தவர்கள் 2,300க்கும் மேல். உலைக்குப் பக்கத்திலிருந்த ஒரு மருத்துவமனையின் படுத்த படுக்கையான நோயாளிகளைப் பேருந்தில் ஏற்றிப் பத்து மணி நேரத்துக்கும் மேல் சுற்றினார்கள். கூட டாக்டர் இல்லை, டிரிப் இல்லை, படுக்க இடமில்லை. சுற்றுவட்டார மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இப்படி வழியிலும் அதற்கடுத்த நாட்களிலும் 50க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இரண்டு நாள் கட்டிடத்துக்குள்ளேயே ஜன்னலை மூடிக்கொண்டு இருந்து, ஆம்புலன்ஸ் வந்தபின் போயிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். 1986-ல் கிரீஸில், ஒரு மில்லிசீவர்ட்கூடத் தேறாத கதிர்வீச்சுக்குப் பயந்து, ஆரம்பக் கர்ப்பங்களில் ஏறக்குறைய கால்வாசி கலைக்கப்பட்டதாக அடுத்த வருஷம் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு மதிப்பீடு வந்தது. அந்தப் புரளிகளையும் என்னைப்போல யாரோதான் முப்பது பேருக்குச் சொல்லியிருப்பார்கள்.

இருந்தும் 'பயம்தான் நோய்' என்று முடிப்பவர்களோடு எனக்கு ஒத்துவரவில்லை. பயம் எங்கிருந்து வந்தது? நமியே ஊர் மக்கள் ஃபுகுஷிமா உலையிலிருந்து தப்பி வடமேற்கே ட்சுஷிமா என்ற பகுதிக்குப் போனார்கள். காற்று அதே பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது. காற்று எங்கே போகும் என்று கணிக்கும் அமைப்பு ஜப்பான் அரசிடம் இருந்தது, கணிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்களிடம் சொல்லவில்லை. பிள்ளைகளை வெளியே விளையாட விட்டுக்கொண்டு சில நாட்கள் அங்கே இருந்தார்கள். முதல் வாரங்களில் பிள்ளைகளின் கழுத்தில் கருவி வைத்து நேரடியாக அளந்தது ஆயிரத்துச் சொச்சம் பேரை மட்டும். அயோடின் எட்டு நாளில் பாதியாகிவிடும். அந்த நாட்களில் அளக்காததைப் பிற்பாடு எந்த ஸ்கேனாலும் அளக்க முடியாது. அளக்க வேண்டிய நாளில் அளக்காமல் விட்டுவிட்டு, அதை ஈடுகட்ட வருஷக்கணக்கில் ஸ்கேன் எடுத்தார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. முதலில் சரியாகச் சொல்லியிருந்தால், பிறகு 'பயப்படாதீர்கள்' என்றபோது நம்ப ஆள் இருந்திருக்கும்.

சீசியத்தை நான் லேசாக விட்டுவிட்டேன் என்று யாராவது சொல்வீர்கள். அது இன்னமும் இருக்கிறது. தெற்கு ஜெர்மனிக் காடுகளில் காளானைத் தோண்டித் தின்னும் காட்டுப்பன்றிகளின் இறைச்சி இன்றும் சில நேரம் வரம்பைத் தாண்டுகிறது. வேல்ஸ் மலைகளில் ஆடுகளை விற்பதற்கான கட்டுப்பாடு 2012-ல்தான் முழுசாக விலகியது. ஆனால் உடம்புக்குள் போன சீசியம் தங்கிவிடுவதில்லை. பெரியவர்களுக்கு மூன்று மாதம்போல ஆனால் பாதி வெளியேறிவிடும். அதனால் எதைச் சாப்பிடுகிறோம் என்று அளந்துகொண்டே இருந்தால் கையாள முடிகிற எதிரி அது. பரம்பரைக் கோளாறு பற்றியும் கேட்பீர்கள்: செர்னோபிலில் சுத்தம் செய்யப் போனவர்களின் பிள்ளைகளுடைய மரபணுவை முழுசாகப் படித்து 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் புதிய மாற்றங்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இல்லை. சுத்தம் செய்யப் போனவர்களுக்கு, குறிப்பாக முதல் வருஷம் போனவர்களுக்கு, ரத்தப் புற்றும் கண்புரையும் கூடுதலாக வந்ததற்கு ஆதாரம் இருக்கிறது. அவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஒரு வருஷம் ஆனதும் போனேன். டாக்டர் தப்பில்லை என்று சொல்லியும், இவ்வளவு படித்தும், போனேன். வேறு ஒரு பெண் ஸ்கேன் எடுத்தார். ரிப்போர்ட்டில் 3.6 மி.மீ. சுருங்கிவிட்டதா என்று ஆசையாகக் கேட்டேன். "அதெல்லாம் இல்ல சார், வேற கை, வேற கோணம்" என்று சிரித்தார். உள்ளே கூப்பிடும் முன்னால் ஒரு நர்ஸ் புதுப் படிவத்தை வைத்துக்கொண்டு அதே கேள்விகளை மறுபடி ஆரம்பித்தார். குடும்பத்தில் யாருக்காவது? இல்லை. சின்ன வயதில் கதிர்வீச்சு? இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் 'இல்லை'யில் டிக் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். 1986-ல் மூன்று வயதாக இருந்த ஒருவர் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பார். மின்ஸ்கிலோ கீவிலோ இதேபோல ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இந்தக் கேள்வி வரும்போது, எந்த மாதம், எந்த ஊர், யார் வீட்டு மாடு என்று முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பார்.